வரைபடம் திறந்திருந்தால் பலகை கட்டற்றதாகிவிடுமா?

கேள்வி – 6 ஜனவரி 2024

"எங்கள் கல்லூரியின் கட்டற்ற மென்பொருள் மன்றத்துக்குச் சிறிய கணினிப் பலகைகள் சில வாங்கவிருக்கிறோம். திறந்த வன்பொருள் என்று அறிவிக்கப்பட்ட பலகையை வாங்கிவிட்டால், அதில் ஓடும் மென்பொருளும் முழுக்கக் கட்டற்றதாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். ராஸ்பெரி பை லினக்ஸில் இயங்குவதால் அதுவும் இந்த வகையில்தான் சேரும் என்று உடன் படிப்பவர்கள் சொல்கிறார்கள். சரிதானே?"

6 ஜனவரி 2024, இரவு 9.40

இரண்டுமே சரியல்ல. பலகையின் வரைபடங்கள் திறந்திருப்பது ஒரு விஷயம்; மின்சாரம் கொடுத்த கணத்திலிருந்து அந்தப் பலகையில் ஓடுகிற ஒவ்வொரு நிரலையும் படிக்கவும், மாற்றவும், மாற்றியதை அதே பலகையில் ஓட்டவும் நம்மால் முடிகிறதா என்பது வேறு விஷயம். முதலாவது இருந்து இரண்டாவது இல்லாத பலகைகள் உண்டு. இரண்டாவது இருந்து முதலாவது இல்லாதவையும் உண்டு.

ராஸ்பெரி பையின் முதன்மைப் பலகைகளில் இரண்டுமே இல்லை. அவற்றுக்குச் சுருக்கப்பட்ட மின்சுற்று வரைபடங்கள் மட்டுமே வெளியிடப்படுகின்றன; அவற்றைக் கொண்டு வேறொருவர் அந்தப் பலகையைத் தயாரிக்க இயலாது. மென்பொருளுக்கு வருவோம். 2012 பிப்ரவரி 29 அன்று வெளிவந்த முதல் பையில் இருந்தது பிராட்காம் நிறுவனத்தின் பிசிஎம்2835 என்னும் சில்லு. அதில் லினக்ஸை ஓட்டுகிற ஆர்ம் கரு முதலில் விழிப்பதில்லை. வீடியோகோர் 4 என்னும் வரைகலைச் செயலிதான் முதலில் விழித்து, எஸ்டி கார்டிலிருந்து துவக்கக் கோப்பையும், அடுத்து ஸ்டார்ட்.எல்ஃப் என்ற கோப்பையும் ஏற்றி ஓட்டி, நினைவகத்தை ஆயத்தம் செய்து, லினக்ஸின் மையநிரலான கெர்னலை அதில் வைத்துவிட்டு, அதன் பிறகே ஆர்ம் கருவை எழுப்புகிறது. இந்தக் கோப்புகளுக்கு மூலநிரல் தரப்படவில்லை. லினக்ஸ் ஓடத் தொடங்கிய பின்னரும் அந்த நிலைப்பொருள் (சில்லை இயக்கும் அடிநிலை நிரல்) ஓய்வதில்லை. கடிகார வேகம், மின்னழுத்தம் போன்றவற்றுக்கு லினக்ஸ் அதனிடம் கேட்டுத்தான் பெறவேண்டும்.

இதைக் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. பழைய பை ஒன்று (முதல் மூன்று தலைமுறைகளில் எதுவானாலும் சரி) கையில் இருந்தால், அதன் எஸ்டி கார்டை வேறு கணினியில் செருகி, முதல் பகுதியில் உள்ள ஸ்டார்ட்.எல்ஃப் கோப்பை மட்டும் வேறிடத்துக்கு நகர்த்திவிட்டு, கார்டைத் திரும்பப் பொருத்தி மின்சாரம் கொடுங்கள். கெர்னல் அப்படியே இருக்கிறது, டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளத்தின் கோப்புகள் அனைத்தும் இருக்கின்றன. இருந்தும் திரையில் எதுவும் வராது, பச்சை விளக்கு மட்டும் விட்டுவிட்டுச் சிமிட்டும். அந்த நிலையில் ஆர்ம் கரு ஒரே ஒரு கட்டளையைக்கூட நிறைவேற்றியிருக்காது. வகுப்பில் நான் நீண்ட விளக்கங்களை விட்டுவிட்டு இதைத்தான் செய்துகாட்டுகிறேன்.

6 ஜனவரி 2024, இரவு 11.15

மேலே எழுதியதோடு இன்னொன்றையும் சேர்க்கவேண்டும். பை 3 வரையிலான பலகைகளில் எம்பெக்-2 காணொளியை விரிக்கும் வசதி சில்லுக்குள்ளேயே இருந்தது, ஆனால் 2.40 பவுண்டு கட்டி ஓர் உரிமச் சாவி வாங்கும்வரை நிலைப்பொருள் அதைத் திறந்துவிடாது. விசி-1 வடிவத்துக்கு 1.20 பவுண்டு. அந்தச் சாவி குறிப்பிட்ட பலகையின் வரிசை எண்ணோடு பிணைக்கப்பட்டது. ஒரு பலகைக்கு வாங்கியதை அடுத்த பலகையில் பயன்படுத்த முடியாது. காப்புரிமைக் கட்டணத்தை வேண்டுபவரிடம் மட்டும் வசூலித்துப் பலகையின் விலையைக் குறைவாக வைத்திருக்க இப்படிச் செய்தார்கள் என்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நம் கையில் இருக்கும் பொருளின் எந்தப் பகுதி இயங்கலாம் என்பதை நம்மால் படிக்கவே முடியாத ஒரு நிரல் தீர்மானிக்கிறது. மூடிய நிலைப்பொருள் என்றால் நடைமுறையில் இதுதான்.

அந்த நிறுவனத்தின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். 2014 பிப்ரவரியில் பிராட்காம் நிறுவனம் வீடியோகோர் 4-இன் முப்பரிமாண வரைகலைப் பகுதிக்கான ஆவணத்தையும், பிஎஸ்டி என்னும் கட்டற்ற உரிமத்தில் சில மூலநிரல்களையும் வெளியிட்டது. அதன் தொடர்ச்சியாக மீசா என்னும் வரைகலை மென்பொருள் திட்டத்தில் கட்டற்ற வரைகலை இயக்கி (டிரைவர்) உருவானது. ஆகவே பையின் வரைகலை இயக்கி கட்டற்றது. அதே செயலியில் முதலில் ஓடும் துவக்க நிலைப்பொருள் மூடியது.

9 ஜனவரி 2024

"அப்படியானால் எந்தப் பலகை?" என்று கேட்டிருந்தீர்கள். என் மேசையில் அதிக காலம் இருந்துவருவது பீகிள்போன் பிளாக். 2013-இல் 45 டாலர் விலையில் வந்தது. மின்சுற்று வரைபடம், செப்புத் தடங்களின் அமைப்பு, உதிரிப் பட்டியல் எல்லாம் படைப்பாக்கப் பொதும (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமத்தில் கிடைக்கின்றன. வேறு நிறுவனங்கள் அதைத் தழுவித் தம் பலகைகளைச் செய்திருக்கின்றன என்பதால், இது பெயரளவிலான திறப்பு அல்ல.

இந்தப் பலகையின் நடுவில் இருப்பது டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் ஏஎம்3358 சில்லு. பலகையை வடிவமைத்தவர்கள் தம் வரைபடத்துக்கு எந்த உரிமம் கொடுத்தாலும் அந்தச் சில்லின் உட்புறம் அதில் கட்டுப்படாது. இருந்தும் பீகிள்போனில் மென்பொருள் சுதந்திரம் பெருமளவு கிடைப்பதற்குக் காரணம், அந்தச் சில்லுக்கான 4000 பக்கங்களுக்கு மேற்பட்ட தொழில்நுட்பக் கையேட்டை எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடாமல் எவரும் பதிவிறக்கிப் படிக்கலாம் என்பதுதான். நினைவகத்தை ஆயத்தம் செய்யும் நிரல் யூ-பூட் என்னும் துவக்க நிரலின் மூலநிரலில் திறந்த நிலையில் இருக்கிறது. எந்தப் பதிவகத்தில் எந்த மதிப்பு எழுதப்படுகிறது, ஏன் என்று கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் படிக்கலாம். மின்சேமிப்பைக் கவனிக்கும் சிறிய கோர்டெக்ஸ்-எம்3 கருவுக்கான நிலைப்பொருளுக்குக்கூட மூலநிரல் இருக்கிறது.

பலகையின் ஓரத்தில் ஆறு ஊசிகள் கொண்ட தொடர் இணைப்பு ஒன்று உண்டு. அதில் யூஎஸ்பி-தொடர் கம்பியைப் பொருத்தி, முனையத்தை 115200 வேகத்தில் திறந்துவைத்து, எஸ்டி கார்டு இல்லாமல், எஸ்2 பொத்தானை அழுத்திப் பிடித்தபடி மின்சாரம் கொடுங்கள். திரையில் சி என்னும் ஆங்கில எழுத்து மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். சில்லுக்குள் பொறிக்கப்பட்ட துவக்க நிரல், ஏற்றுவதற்கு எதுவும் கிடைக்காமல், தொடர் இணைப்பின் வழியாக ஒரு கோப்பைக் கேட்டுக் காத்திருக்கிறது என்று அதற்குப் பொருள். நாமே தொகுத்த (கம்பைல் செய்த) யூ-பூட்டை எக்ஸ்மோடம் முறையில் அனுப்பினால் பலகை விழித்துக்கொள்ளும். அந்தப் பொறிக்கப்பட்ட நிரல் மட்டுமே நம்மால் மாற்ற இயலாதது. அதற்குப் பிறகு ஓடும் ஒவ்வொரு கட்டளையும் நாம் தொகுத்ததாக இருக்க முடியும்.

விதிவிலக்கு, வரைகலை. இந்தச் சில்லில் உள்ள பவர்விஆர் எஸ்ஜிஎக்ஸ்530 செயலிக்குக் கெர்னல் பக்கத்து இயக்கி மட்டுமே திறந்தது. அசல் வேலையைச் செய்யும் பயனர் பக்கத்து நூலகங்கள் மூடியவை.

9 ஜனவரி 2024, இரவு

"மாணவர்களுக்கு வரைகலை எதற்கு? திரையில்லாமலே பயன்படுத்தட்டும், அப்போது பலகை முழுக்கக் கட்டற்றதுதானே" என்று நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். உணரிகள், மோட்டார்கள், வலைச் சேவையகம் போன்றவற்றுக்கு அது முற்றிலும் போதும். ஏஎம்3358-இல் திரைக்குப் படப்புள்ளிகளை அனுப்பும் பகுதி தனி. அதற்குக் கட்டற்ற இயக்கி உண்டு என்பதால், எளிய மேசைத் திரையும் ஓடும், மெதுவாக. ஆனால் காசு கொடுத்து வாங்கிய சில்லின் ஒரு பகுதியை நிரந்தரமாக உறங்கவைத்தால்தான் சுதந்திரம் என்பதை நிறைவான நிலையாக நான் எண்ணவில்லை. அந்தப் பகுதியைத் தொடாமல் இருக்க முடிகிறது, பையின் ஸ்டார்ட்.எல்ஃப் கோப்பை அப்படித் தொடாமல் இருக்க முடியாது. தவிர்க்கக்கூடிய மூடிய நிரலுக்கும் தவிர்க்கவே முடியாத மூடிய நிரலுக்கும் உள்ள இந்த வேறுபாட்டைத்தான் பலகை வாங்கும்போது முதலில் பார்க்கவேண்டும்.

13 ஜனவரி 2024

திறந்த வன்பொருளின் வரையறையிலேயே மென்பொருள் பற்றிய விதி இருக்கிறது என்று ஒருவர் சுட்டிக்காட்டினார். ஆம், இருக்கிறது. ஒரு வடிவமைப்பு தன் அடிப்படைப் பணியைச் செய்ய மென்பொருள் தேவைப்பட்டால், அந்த மென்பொருள் திறந்த உரிமத்தில் தரப்படவேண்டும், அல்லது வேறொருவர் அதை எளிதாக எழுதிக்கொள்ளும் அளவுக்கு இடைமுகங்கள் ஆவணப்படுத்தப்பட்டிருக்கவேண்டும் என்று உரிமம் கோரலாம் என்கிறது அந்த விதி. "கோரலாம்" என்ற அளவில்தான் நிற்கிறது. கோரியே தீரவேண்டும் என்பதில்லை.

திறந்த வன்பொருள் சங்கம் 2016-இல் தொடங்கிய சான்றிதழ் முறை, வடிவமைப்பாளரின் கட்டுப்பாட்டில் உள்ள பகுதிகள் திறந்திருக்கவேண்டும் என்றும், பிறரிடமிருந்து வாங்கிப் பொருத்திய பகுதிகளில் எவை திறந்தவை அல்ல என்பதைப் பிரித்துக் காட்டவேண்டும் என்றும் கேட்கிறது. இது நியாயமான எல்லை. பல்கேரியாவிலோ அமெரிக்காவிலோ பலகை செய்யும் சிறு நிறுவனம், சில்லு தயாரிக்கும் பெருநிறுவனத்தின் மூலநிரலுக்கு எப்படிப் பொறுப்பேற்கும்? ஆனால் வாங்குபவர் அந்த முத்திரையை மென்பொருளுக்கும் சேர்த்தே படித்துவிடுகிறார். உங்கள் கேள்வியும் அப்படித்தான் எழுந்திருக்கிறது.

21 ஜனவரி 2024

இன்று எழுதப்போவது நினைவகப் பயிற்சி பற்றியது. இதைப் புரிந்துகொள்ளாமல் புதிய பலகைகளைப் பற்றிப் பேச முடியாது.

டிடிஆர்4 வகை நினைவகம் மிக வேகமாக இயங்குவதால், சில்லுக்கும் நினைவகத்துக்கும் இடையே ஓடும் ஒவ்வொரு தடத்திலும் குறிப்பு எந்த நேரத்தில் வந்து சேர்கிறது என்பதை ஒவ்வொரு முறை துவங்கும்போதும் அளந்து, அதற்கேற்பத் தாமதங்களைச் சரிசெய்யவேண்டும். இந்த அளவீட்டைச் செய்யும் நிரல் ஓடி முடிந்தால்தான் நினைவகமே கிடைக்கும். பல சில்லுகளில் நினைவகத்தோடு பேசும் மின்சுற்றுப் பகுதியைச் சில்லு நிறுவனம் வெளியிலிருந்து உரிமம் பெற்று வாங்குகிறது. அதோடு வரும் பயிற்சி நிரல் மூலநிரல் இல்லாத இருமக் கோப்பாகவே வருகிறது.

பெர்லினில் தயாராகும் எம்என்டி ரிஃபார்ம் மடிக்கணினி இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. பலகை, பெட்டி, விசைப்பலகை, மின்கல மேலாண்மை வரை எல்லா வடிவமைப்புகளையும் திறந்து வைத்திருக்கும் கணினி அது. திறந்த வன்பொருளில் அதைவிட மேலாக எதையும் நான் பார்த்ததில்லை. அதில் முதலில் பொருத்தப்பட்ட ஐ.எம்எக்ஸ்8எம் சில்லுக்கு மேற்சொன்ன மூடிய பயிற்சி நிரல் தேவைப்பட்டது. அதைச் செய்தவர்கள் மறைக்கவில்லை; தம் ஆவணங்களிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்.

அதே சில்லைப் பயன்படுத்திய லிப்ரம் 5 கைப்பேசியில் அதைத் தயாரித்தவர்கள் வேறு வழியை முயன்றார்கள். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வழங்கும் "உங்கள் சுதந்திரத்தை மதிக்கிறது" என்ற சான்றிதழில் ஒரு விதிவிலக்கு உண்டு: துணைச் செயலிகளுக்குள் இருக்கும், பொருளை வாங்கிய பின் மாற்றப்படுவதற்கென்று அமையாத மென்பொருள் கணக்கில் கொள்ளப்படாது. ஆகவே பயிற்சி நிரலைத் தனியொரு ஃபிளாஷ் சில்லில் வைத்து, முதன்மைக் கருவுக்குப் பதிலாகத் துணைக் கருவான கோர்டெக்ஸ்-எம்4 அதை ஏற்றும்படி செய்யப்போவதாக 2018-இல் அறிவித்தார்கள். நிரல் அதே நிரல். செய்யும் வேலையும் அதே வேலை. அது வைக்கப்பட்ட இடமும் அதைத் தூக்கிச் செல்லும் கருவும் மட்டுமே மாறின.

இதைப் பற்றி எனக்கு இரு மனமாகவே இருக்கிறது. விதிவிலக்கே இல்லாவிட்டால் எந்த நவீனப் பலகையும் சான்றிதழ் பெறாது. வன்வட்டுக்குள், விசைப்பலகைக்குள், மின்சாரக் கட்டுப்பாட்டுச் சில்லுக்குள் எல்லாம் சிறிய நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆனால் நம் எஸ்டி கார்டில் கோப்பாகக் கிடக்கும் மூடிய நிரலை என்றாவது ஒருவர் ஆராய்ந்து, அதற்கு மாற்றாகக் கட்டற்ற நிரலை எழுதி, அங்கேயே வைத்துவிட முடியும். நம் கை எட்டாத இடத்துக்கு அதை நகர்த்தினால் அந்த வாய்ப்பு சுருங்குகிறது. சான்றிதழின் அளவுகோல் இரண்டாவது ஏற்பாட்டை உயர்த்துகிறது. எனக்கு முதலாவதே மேலாகப் படுகிறது.

22 ஜனவரி 2024

"நிரந்தரமாகப் பொறிக்கப்பட்ட நிரலை மின்சுற்று என்றே கருதலாம், யாராலும் மாற்ற முடியாதபோது அங்கே சமத்துவம் இருக்கிறது" என்ற வாதத்தை ஒருவர் வைத்திருக்கிறார். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மனின் நிலைப்பாடும் ஏறத்தாழ இதுவே. தயாரித்தவராலும் மாற்ற முடியாத நிரல் என்றால் நான் மறுக்கமாட்டேன். பீகிள்போனின் பொறிக்கப்பட்ட துவக்க நிரலை நானும் அப்படித்தான் ஏற்கிறேன். தயாரித்தவர் மட்டும் மாற்றலாம், வாங்கியவர் மாற்றக்கூடாது என்றால் ஏற்கமாட்டேன்.

2023 இறுதியில் வந்த பை 5-இல் எஸ்டி கார்டில் ஸ்டார்ட்.எல்ஃப் தேவையில்லை, அந்த நிலைப்பொருள் பலகையில் உள்ள ஈஈபிராம் என்னும் நினைவகச் சில்லுக்கு இடம் மாறிவிட்டது, நிறுவனம் அதற்கு அவ்வப்போது புதிய பதிப்புகளையும் தருகிறது. கார்டைத் திறந்து பார்த்துவிட்டு "மூடிய கோப்பே இல்லை" என்று யாரும் மகிழவேண்டாம்.

4 பிப்ரவரி 2024

முதல் பதிவில், இரண்டாவது இருந்து முதலாவது இல்லாத பலகைகளும் உண்டு என்று எழுதியிருந்தேன், எடுத்துக்காட்டு கேட்டார்கள். ராப்டர் நிறுவனத்தின் டாலோஸ் 2. ஐபிஎம்மின் பவர்9 செயலிகளைக் கொண்ட இந்தத் தாய்ப்பலகையில் நினைவகத் துவக்கம், செயலித் துவக்கம், பலகையை மேற்பார்வையிடும் துணைக் கணினி என எல்லாவற்றுக்குமான நிலைப்பொருள் மூலநிரலோடு கிடைக்கிறது; நாமே தொகுத்து ஏற்றலாம். 2019 நவம்பரில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் மேற்சொன்ன சான்றிதழையும் பெற்றது. ஆனால் எவரும் படியெடுத்துத் தயாரிக்கத்தக்க திறந்த வன்பொருளாக அது வெளியிடப்படவில்லை.

அதில் எஞ்சியிருந்த மூடிய பகுதி, பிசிஎம்5719 என்னும் பிணையச் சில்லின் நிலைப்பொருள். ஆர்வலர்கள் அதை ஆராய்ந்து, ஒருவர் விவரக்குறிப்பை எழுத, அந்த மூடிய நிரலைப் பார்க்காத வேறொருவர் அதை வைத்துப் புதிதாக நிரல் எழுதி, அதையும் கட்டற்றதாக்கிவிட்டார்கள். கோப்பாகக் கைக்கு எட்டும் மூடிய நிரலை மாற்ற முடியும் என்று சென்ற மாதம் எழுதியதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. விலை நம் கல்லூரிகளுக்கு எட்டாதது. அடுத்த தலைமுறையான பவர்10-இல் நினைவக இணைப்புக்கு மூடிய நிலைப்பொருள் தேவைப்பட்டதால், அதைக் கொண்டு பலகை செய்வதை ராப்டர் தவிர்த்துவிட்டது.

18 பிப்ரவரி 2024

ஆல்வின்னர் நிறுவனத்தின் சில்லுகளின் கதை வேறு திசையில் செல்கிறது. மூலநிரலைப் பகிரக் கோரும் ஜிபிஎல் உரிமத்தை அந்த நிறுவனம் மீறுகிறது என்று, அதன் சில்லுகளுக்குக் கட்டற்ற நிரல் எழுதும் சன்க்ஸி சமூகத்தினர் நீண்ட காலம் குற்றம்சாட்டி வந்தார்கள். ஆனால் அதே சமூகத்தினர்தான் ஏ10, ஏ20 சில்லுகளுக்கு நினைவகத் துவக்கத்தை யூ-பூட்டில் சேர்த்தார்கள், கெர்னலின் முதன்மைக் கிளைக்கு இயக்கிகளைக் கொண்டுவந்தார்கள். காணொளிப் பகுதிக்கு 2018-இல் பொதுமக்களிடம் நிதி திரட்டிக் கட்டற்ற இயக்கி எழுதப்பட்டது. அந்தச் சில்லுகளில் உள்ள மாலி-400 வரைகலைச் செயலிக்கான லிமா இயக்கி 2019-இல் கெர்னல் 5.2-இல் சேர்ந்தது, அந்தத் தலைமுறை மாலிக்குத் தனி நிலைப்பொருள் எதுவும் தேவையில்லை. ஆக, பல்கேரியாவின் ப்ளோவ்டிவ் நகரில் ஒலிமெக்ஸ் நிறுவனம் திறந்த வரைபடங்களோடு தயாரிக்கும் ஏ20 ஒலினுக்ஸினோ பலகையில் இன்று வரைகலை உட்படக் கட்டற்ற மென்பொருளை மட்டும் ஓட்டலாம். அந்தச் சுதந்திரத்தைத் தந்தது சில்லு நிறுவனமும் அல்ல, பலகையின் உரிமமும் அல்ல.

இதே தலைமுறைச் சில்லு கொண்ட வேறொரு பலகையை, திறந்த மூலப் பலகை என்ற விளம்பரத்தைப் பார்த்து வாங்கினேன். வரைபடம் என்று வந்தது ஒரு பிடிஎஃப் படம். கெர்னலுக்குப் பதிலாகத் தொகுத்து முடித்த இருமம் மட்டும் இருந்தது. மூலநிரலைக் கேட்டு எழுதிய மின்னஞ்சல்களுக்கு விடை வரவில்லை. அதில் இருந்த பழைய கெர்னலின் பாதுகாப்புக் குறைகளைத் திருத்த எனக்கு வழியே இல்லை. சன்க்ஸி சமூகத்தின் பணியால்தான் அந்தப் பலகை இன்றும் என் வீட்டில் கோப்புச் சேவையகமாகப் பயன்படுகிறது.

17 மார்ச் 2024

"ரிஸ்க்-ஃபைவ் பலகை வாங்கினால் சிக்கல் தீர்ந்தது" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010-இல் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் என்பது கட்டளைகளின் தொகுப்பு மட்டுமே. இலக்கணம் பொதுச்சொத்து என்பதால் அதைக் கொண்டு எழுதப்படும் ஒவ்வொரு நூலும் பொதுச்சொத்து ஆகிவிடாது.

2018-இல் 999 டாலருக்கு வந்த ஹைஃபைவ் அன்லீஷ்டு பலகையின் நினைவகத் துவக்கம் முதலில் மூடியிருந்தது. கோர்பூட் என்னும் கட்டற்ற துவக்க நிரல் திட்டத்தைத் தொடங்கிய ரான் மின்னிச் வெளிப்படையாக விமர்சித்த பிறகு, பலகையைச் செய்த சைஃபைவ் நிறுவனம் செவிசாய்த்தது. பின்னர் யூ-பூட்டிலேயே அந்தச் சில்லுக்கான நினைவக இயக்கி சேர்ந்தது. விஷன்ஃபைவ் 2 என்னும் இன்னொரு ரிஸ்க்-ஃபைவ் பலகையில் நினைவகத் துவக்கம் யூ-பூட்டில் திறந்திருக்கிறது. வரைகலையோ மீண்டும் பவர்விஆர். இந்த மாதம் வந்த கெர்னல் 6.8-இல் புதிய பவர்விஆர் தலைமுறைகளுக்கான கட்டற்ற இயக்கி சேர்ந்திருப்பது நல்ல செய்தி, ஆனால் அது மூடிய நிலைப்பொருள் கோப்பு ஒன்றை ஏற்றிக்கொண்டே இயங்குகிறது. பீகிள்போனின் பழைய எஸ்ஜிஎக்ஸ் இதில் சேராது.

சென்னையைப் பற்றியும் சொல்லவேண்டும். சென்னை ஐஐடியின் சக்தி திட்டம் ரிஸ்க்-ஃபைவ் செயலிகளின் வடிவமைப்பையே பிஎஸ்டி உரிமத்தில் தருகிறது; பலகையோடு நில்லாமல், அதன் மேல் உட்காரும் கருவின் நிரல்வரிகளையே நாம் படிக்கலாம். 2018-இல் அதன் ஒரு சில்லு இன்டெலின் 22 நானோமீட்டர் ஆலையில் தயாராகி 400 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. இன்னொன்று சண்டிகரை அடுத்த மொகாலியில் உள்ள அரசு ஆலையில் 180 நானோமீட்டரில் உருவானது. சில்லு கையில் இல்லாதவர்கள் ஆர்ட்டி ஏ7 என்னும் எஃப்பிஜிஏ (உள்மின்சுற்றை நாமே மாற்றியமைக்கத்தக்க சில்லு) பலகையில் அதை ஏற்றிப் பார்க்கலாம்.

ஆனால் அங்கேயும் நம் கேள்வி தொடர்கிறது. ஆர்ட்டி பலகைக்கு வடிவமைப்பைத் தொகுக்க வழக்கமாகப் பயன்படும் விவாடோ கருவி மூடியது. சக்தி எழுதப்பட்டிருக்கும் புளூஸ்பெக் மொழியின் தொகுப்பியே 2020 ஜனவரி வரை மூடிய வணிகப் பொருளாகத்தான் இருந்தது. அதுவரை மூலநிரல் நம்மிடம் இருந்தும் அதைத் தொகுக்கும் உரிமை காசு கொடுத்தவருக்கே இருந்தது. அந்தத் தொகுப்பி திறக்கப்பட்ட செய்தியைப் படித்த அன்றே இறக்கித் தொகுத்துப் பார்த்தேன். அதுவரை படித்துமட்டும் வந்த நிரல், வெரிலாக் என்னும் மின்சுற்று விவரிப்பு மொழிக் கோப்புகளாக என் கணினியில் வந்து விழுந்தது.

18 மார்ச் 2024

நேற்றையதன் தொடர்ச்சி. எஃப்பிஜிஏ கருவிகளும் முழுக்கக் கட்டற்றவையாக வேண்டுமென்றால் லேட்டிஸ் நிறுவனத்தின் சில்லுகள் பக்கம் போகவேண்டும். 2015-இல் ஐஸ்ஸ்டார்ம் திட்டம் ஐஸ்40 சில்லின் உள்ளமைப்புக் கோப்பு வடிவத்தை ஆராய்ந்து வெளியிட்டது. பிறகு இசிபி5 சில்லுக்கும் அதே பணி நடந்தது. ஆரஞ்ச்கிராப் என்னும் திறந்த வன்பொருள் பலகையில் இசிபி5 இருக்கிறது. அதில் லைட்டெக்ஸ் திட்டத்தின் மூலம் ஒரு ரிஸ்க்-ஃபைவ் கருவை உருவாக்கி லினக்ஸை ஓட்டலாம். சென்ற ஜனவரியில் நான் கவலைப்பட்ட நினைவகப் பயிற்சி இங்கே சாதாரண சி நிரல். துவங்கும்போது ஒவ்வொரு தாமத மதிப்பையும் முயன்று பார்த்து, எது தேறியது, எது தவறியது என்பதை முனையத்தில் ஒன்றும் சுழியுமாக வரிசையாக அச்சிடுகிறது. வேகம் சில பத்து மெகாஹெர்ட்ஸ்தான். துவங்கி முடிக்கப் பொறுமை வேண்டும்.

30 மார்ச் 2024

வைஃபை குறித்து மட்டும். பலகைகளோடு ஒட்டிவரும் வைஃபை சில்லுகள் பெரும்பாலும் மூடிய நிலைப்பொருள் கேட்பவை. ஏஆர்9271 சில்லு கொண்ட யூஎஸ்பி வைஃபை கருவிக்கோ 2013-இல் நிலைப்பொருளின் மூலநிரலே வெளியிடப்பட்டது. நானும் அதையே பயன்படுத்துகிறேன். டெபியன் 2022-இல் வாக்கெடுப்பு நடத்தி, 12-ஆம் பதிப்பிலிருந்து மூடிய நிலைப்பொருளையும் நிறுவியோடு சேர்த்துத் தருகிறது. இதனால் பலகை எந்தத் தடங்கலும் இல்லாமல் ஓடிவிடும். எதை ஏற்றியது என்று கெர்னலின் துவக்கப் பதிவில் தேடிப் பார்த்தால்தான் தெரியும். அந்த முடிவை நான் எதிர்க்கவில்லை, பார்வையற்ற பயனர்களுக்கு ஒலி இல்லாமல் நிறுவியையே பயன்படுத்த முடியாது என்ற காரணம் வலுவானது. தேடிப் பார்க்கும் பழக்கத்தை மாணவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள்.

25 ஆகஸ்ட் 2024

இரண்டு செய்திகள், எதிரெதிர்த் திசையில்.

ராக்சிப் நிறுவனத்தின் ஆர்கே3399 என்னும் பழைய சில்லில் நினைவகத் துவக்கமும் கட்டற்றது, அதன் மாலி-டி860 வரைகலைக்குப் பான்ஃப்ராஸ்ட் இயக்கி எந்த நிலைப்பொருளும் கேட்பதில்லை. அதன் வழித்தோன்றலான ஆர்கே3588-இல் நினைவகத்துக்கு மூடிய நிரல் வேண்டும். சென்ற மாதக் கெர்னல் 6.10-இல் அதன் மாலி-ஜி610 வரைகலைக்கு வந்த கட்டற்ற இயக்கியும் மூடிய நிலைப்பொருளை ஏற்றியே ஓடுகிறது. இயக்கிகள் திறந்துகொண்டே வர, அவை செய்துவந்த வேலையின் ஒரு பகுதி சில்லுக்குள் இருக்கும் குட்டிச் செயலிகளுக்கு நகர்ந்துகொண்டிருக்கிறது. புதிய பலகை என்பதாலேயே அது சுதந்திரத்திலும் முன்னேறியிருக்கும் என்று எண்ணவேண்டாம்.

மறுபக்கம், ஜனவரியில் நான் குறைகூறிய ராஸ்பெரி பை நிறுவனம் இந்த மாதம் ஆர்பி2350 என்னும் நுண்கட்டுப்படுத்தியை (சிறு கருவிகளை இயக்கும் சில்லு) வெளியிட்டிருக்கிறது. இதற்கு முந்தைய ஆர்பி2040-இலேயே பொறிக்கப்பட்ட துவக்க நிரலின் மூலநிரலைக்கூட வெளியிட்டிருந்தார்கள். புதியதில் ஹசார்டு3 என்ற திறந்த ரிஸ்க்-ஃபைவ் கருக்களும் ஆர்ம் கருக்களோடு சேர்ந்து இருக்கின்றன; கையொப்பமிட்ட நிரலை மட்டும் ஏற்கும் பூட்டும் உண்டு, ஆனால் அதன் சாவியை வைத்துக்கொள்வது பலகையை வாங்குபவர். லினக்ஸ் ஓடும் பெரிய பலகையில் கிடைக்காத மென்பொருள் சுதந்திரம், அதே நிறுவனத்தின் சில நூறு ரூபாய்ப் பலகையில் கிடைக்கிறது. தன் சில்லைத் தானே வடிவமைக்கும்போது அவர்களால் அதைத் தர முடிந்திருக்கிறது.

1 செப்டம்பர் 2024

நிதி இப்போதுதான் ஒப்புதலானது என்று எழுதியிருந்தீர்கள். என் பரிந்துரை: மாணவர்கள் கையில் கொடுக்கப் பீகிள்போன் பிளாக், மன்றத்துக்குப் பொதுவாக ஓர் இசிபி5 பலகை, வைஃபை தேவைப்படுபவர்களுக்கு ஏஆர்9271 கருவி. காணொளியும் வேகமான மேசைத் திரையும் கட்டாயம் என்றால், ஆர்கே3399 பலகைகளைத் தேடுங்கள். அவற்றில் பல திறந்த வன்பொருள் அல்ல என்பதை மன்றத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஒவ்வொரு பலகைக்கும் யூஎஸ்பி-தொடர் கம்பி சேர்த்து வாங்குங்கள். 3.3 வோல்ட் குறிப்பு தரும் கம்பியாக இருக்கவேண்டும். 5 வோல்ட் கம்பி சில்லைக் கெடுத்துவிடும். பீகிள்போனில் ஒன்றாம் ஊசி தரை. அதன் பக்கத்தில் ஒரு வெண்புள்ளி இருக்கும், கம்பியின் கறுப்பு முனை அங்கே வரவேண்டும். முதன்முறை மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே முனையத்தைத் திறந்து, யூ-பூட்டின் முதல் வரியிலிருந்து உள்நுழைவு கேட்கும் வரி வரை முழுவதையும் ஒரு கோப்பில் சேமித்து இங்கே இடுங்கள். எந்த வரியில் எந்த நிரல் பேசுகிறது, அதன் மூலநிரல் எங்கே இருக்கிறது என்று சேர்ந்து பார்க்கலாம்.